கையைத் துடைத்து மீண்டும் வைக்கவும்

எங்கள் நெடுங்கரிசல் ஊரின் கிழக்குக் காலனியில் யாருக்கும் மாரடைப்பு வராது. இதை நான் சொல்லவில்லை. நான்கு மாவட்டங்கள், அறுபத்தோரு ஆரம்ப சுகாதார நிலையங்கள், மூன்று பெரிய ஆஸ்பத்திரிகள், ஒரு பல்கலைக்கழகம், பெயரைச் சொன்னால் வழக்குப் போடக்கூடிய ஒரு கம்பெனி, இத்தனை பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அமைத்த வட்டார இதயக் கூட்டிணைவு சொல்கிறது. வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு அறிக்கையே போட்டிருக்கிறார்கள். காலனி ஆட்கள் ஏழைகள், சத்தில்லாதவர்கள், தீப்பெட்டி ஆபீஸில் மருந்து நெடிக்குள் பத்து மணி நேரம் குனிந்து கிடப்பவர்கள், ஆனாலும் இதயம் மட்டும் இரும்பு மாதிரி இருக்கிறது என்று அதில் வியந்திருக்கிறார்கள். அதற்குக் 'காலனி முரண்' என்று பெயர் வேறு.

போன வருஷம் அந்த முரணை ஆராய ஒரு குழு வந்தது. ஓடைத் தண்ணீரைச் சீசாவில் பிடித்தார்கள். கம்பங்கூழையும் கருவாட்டையும் பொட்டலம் கட்டினார்கள். முத்துமாரி என்று ஒருத்தி, நாற்பத்து மூன்று வயது, தீப்பெட்டி ஆபீஸ்காரி, அவள் அடுப்படியைப் படம் பிடித்து, உங்கள் சாப்பாட்டு முறையின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். "ராத்திரி மிச்சம் இருந்தா காலையில திங்கோம். இல்லன்னா இல்ல" என்றாள் அவள். அறிக்கையில் அது 'இடைவெளி விட்ட உண்ணாநிலை, தலைமுறைகளாகப் பேணப்படும் மரபு' என்று வந்திருந்தது. படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் ரகசியம் எனக்குத் தெரியும். ரகசியமே நான்தான்.

என் பெயர் பியூலா. முப்பத்தோரு வருஷமாக இந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர். என் துணை சுகாதார நிலையமும் குடியிருப்பும் வடக்குத் தெருவில் இருக்கின்றன. ஓடையைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் காலனி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது முப்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிவேட்டில் மொத்தம் நாற்பத்திரண்டு கட்டம். கொடுத்த கருவியின் ரப்பர் பந்து இரண்டாவது மாதமே பிய்ந்துபோனது.

வடக்குத் தெருக்காரர்கள் தாங்களே வந்து கையை நீட்டுவார்கள், பார்க்காவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு என் சொந்தக் கருவியில் ஒழுங்காகப் பார்த்து ஒழுங்காக எழுதினேன். காலனிக்கு நான் நடந்து போக வேண்டும். போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேருக்குப் பேர் 120/80 என்று எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மேலே கேட்பார்கள் என்று இடையிடையே 110/70, 124/82 என்று தூவிவிட்டேன். யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தால் இறப்புக் காரணத்தில் 'இயற்கை' என்று போட்டேன். ஏன் போகவில்லை என்று கேட்டால் வெயில் என்பேன். வெயில் எல்லாத் தெருவுக்கும்தான் அடித்தது என்பது எனக்கும் தெரியும்.

அந்தப் பதிவேடுகளை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் எழுதினேன். முப்பது வருஷம் மனிதர்கள் யாரும் படிக்கவும் இல்லை. கடைசியில் துணைவன் வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டான்.

துணைவன் என்பது கூட்டிணைவு கொடுத்த கருவி. சப்பாத்திக் கல் அளவில் ஒரு தட்டு. பெயர் ஆண், குரல் பெண், அதற்கும் ஒரு குழு போட்டு விவாதித்திருப்பார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் நாற்பது விநாடி வைத்தால் போதும், பிரஷர், நாடி, இதயத் துடிப்பின் கோடு எல்லாம் பார்த்துவிடும். ஆபத்தில்லை என்றால் பச்சை. மேற்சிகிச்சை வேண்டும் என்றால் மஞ்சள், நகரத்து ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, ஒன்பது நிமிஷத்தில் வாகனம் வாசலில் நிற்கும், அங்கே அறை தயாராக இருக்கும். வடக்குத் தெருவில் இது பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நான் மறைக்கமாட்டேன். இதை நம்பி டாக்டர்களையும் குறைத்துவிட்டார்கள். பதினோரு நிலையங்களுக்கு ஒரே டாக்டர், அவரும் திரையில்தான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை முத்துமாரி என்னிடம் வந்தாள். அவள் புருஷன் காளிராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அவன்தான் கூட்டிவந்தான். தாடை இழுக்கிறது, இடது தோளில் பாரமாக இருக்கிறது, ஆபீஸில் மாடிப்படி ஏறினால் நான்காவது படியில் நிற்கவேண்டியிருக்கிறது என்றாள். அவள் கைகளைத் தட்டில் வைத்தேன்.

"அளவீட்டுப் பிழை. கையைத் துடைத்து மீண்டும் வைக்கவும்" என்றது துணைவன்.

முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். அதே பதில். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வைத்தாள். அதே பதில். ஸ்பிரிட் பஞ்சால் நானே விரல் விரலாகத் துடைத்தேன். இருபது வருஷம் தீக்குச்சி அடுக்கின கை, தோல் தடித்துக் கறுத்திருந்தது. நாலாவது தடவை தட்டு ஒரு வழியாகப் பச்சை காட்டி, வாயுத் தொல்லை என்றும் தினமும் முப்பது நிமிடம் நடக்கவும் என்றும் சீட்டு துப்பியது. ஆபீஸுக்குத் தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து போகிறவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்போ அது நடை இல்லையா என்று கேட்டாள். நான் டாக்டரைத் திரையில் கூப்பிட்டேன். டாக்டர் கார்முகில் சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சிஸ்டர், கையில கிடைக்கிற அளவை மட்டும் வெச்சு அது முடிவு சொல்லாது" என்றார். "அந்த ஆளோட தெரு, அக்கம்பக்கம், முப்பது வருஷத்து ரெக்கார்டு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கும். அந்தக் காலனியில முப்பத்தேழாயிரம் ரீடிங் இருக்கு. ஒண்ணுகூட நூத்தி முப்பதைத் தாண்டல. இன்னிக்கு ஒரு அம்மா நூத்தி எழுபத்தாறுன்னு வந்து நின்னா மெஷின் எதை நம்பும்? கை அழுக்குன்னுதான் நம்பும்."

"மனுஷி நேர்ல நிக்கா சார். தாடை வலிங்கா."

"நான் அதை மாத்தினா நாலு மாவட்டக் குழுவுக்கும் எழுத்துல விளக்கம் கொடுக்கணும். போன மாசம் ஒருத்தர் கொடுத்தார். இப்ப அவரைத் திரையில காணோம்."

சொல்லிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டார். முத்துமாரி பெஞ்சில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழாயிரம் என்ற எண் என் காதில் கிடந்து குடைந்தது. ஒவ்வொன்றும் என் கையெழுத்து.

எங்களுக்குத் துணைவனில் ஒரே ஒரு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். யாராவது வீடு மாறினால் முகவரியைத் திருத்தலாம். அதைத் திறந்தேன். காலனி என்பதை அழித்தேன். என்ன முகவரி போடுவது என்று யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வந்தது ஊராட்சித் தலைவர் திருமலைக்கொழுந்தின் வீடுதான், வடக்குத் தெரு, 2/14. அந்த வீட்டில் அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று மூன்று பேர் இதய நோயில் போனவர்கள், எல்லாம் நான் ஒழுங்காக அளந்து எழுதியது. முத்துமாரியை அங்கே குடிவைத்துவிட்டு மறுபடி கையை வைக்கச் சொன்னேன்.

நாற்பது விநாடி. மஞ்சள். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதே கை, இந்தத் தடவை துடைக்கக்கூட இல்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் இரண்டில் அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்கவேண்டும், டிசம்பர் ஒன்பதாம் தேதி வரவேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் காளிராஜ் ஆட்டோவில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டான். தேதி வரைக்கும் அவளைப் பாரம் தூக்கவிடாதே, மாத்திரையை மறக்கவிடாதே என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

இந்த மாதிரி விஷயங்கள் காற்றிலேயே பரவும். அடுத்த வாரம் இரண்டு பேர், அதற்கடுத்த வாரம் ஏழு பேர். யாரிடமும் நான் விளக்கம் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நவம்பர் பிறந்தபோது பத்துக்குப் பத்தில் மூன்று அறை உள்ள தலைவர் வீட்டில் அறுபத்து மூன்று பேர் குடியிருந்தார்கள். தலைவருக்கு அந்தச் செய்தி தெரியாது. துணைவனுக்குத் தெரியும், அவனும் அதில் தப்பு எதுவும் காணவில்லை.

கூட்டிணைவு கண்டுபிடித்தது. வடக்குத் தெரு 2/14இல் இதய நோய் கொத்தாகக் கிளம்பியிருக்கிறது என்று ஆய்வுக் கூட்டம் போட்டார்கள். நான்கு மாவட்டத்துச் செவிலியர்களும் வரவேண்டும் என்று உத்தரவு. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மண்டபத்தில் வடையும் காப்பியும் வைத்து, பெரிய திரை கட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் முனைவர் பத்ரிநாத் வந்தார். மனிதர் உட்காரவே மாட்டார். எத்தனை அடி நடந்தோம் என்று கணக்கு வைக்கிற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பேசும்போதும் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருப்பார். இந்த ஊரில் அவர் நடந்த தூரம் அந்த மண்டபத்துக்குள் மட்டும்தான்.

அவர் கண்டுபிடிப்பு இதுதான். அந்த அறுபத்து மூன்று பேரும் காலனியில் இருந்தவரைக்கும் ஆரோக்கியமாக இருந்தார்கள். வடக்குத் தெருவுக்குக் குடிபெயர்ந்த அன்றைக்கே அவர்கள் இதயம் கெட்டுப்போனது. ஆகவே காலனியின் மண்ணிலும் நீரிலும் வாழ்முறையிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதைவிட்டு அவர்கள் வெளியே வருவது அவர்கள் உயிருக்கே ஆபத்து. காலனி மக்களின் இதய நலன் கருதி இனிமேல் அவர்கள் முகவரியைக் காலனியிலேயே நிலையாகப் பூட்டிவிட வேண்டும், ஏற்கனவே மாற்றியவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அந்த முகவரியில் பெற்ற தேதிகளைப் பதிவுப் பிழை என்று ரத்து செய்ய வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒதுக்கி வைப்பதற்கு இதுவரைக்கும் எத்தனையோ காரணம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதய நலன் என்று ஒருத்தன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பல்கலைக்கழகத்தார் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

தேதிகள் ரத்து என்ற சொல் வந்ததும் எழுந்துவிட்டேன். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது, எழுந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

"சார், அந்த நம்பரெல்லாம் நான் அளக்கல" என்றேன். "காலனிக்கு நான் போனதே இல்ல. உக்காந்த எடத்துல இருந்து எழுதுனேன். அங்க எல்லாருக்கும் எல்லா வியாதியும் இருக்கு. முத்துமாரின்னு ஒருத்திக்கு ஒன்பதாம் தேதி ஸ்டென்ட் வைக்கணும். அந்தத் தேதிய மட்டும் எடுத்துராதீங்க."

பத்ரிநாத் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் சிரித்தார். இந்த அம்மாவின் நேர்மைக்கு ஒரு கைதட்டு கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள்.

"ஆனா உங்க ஒருத்தர் ரெக்கார்டை வெச்சு நாங்க முடிவு எடுக்கலைம்மா" என்றார். "அறுபத்தோரு நிலையம், நாலு மாவட்டம். எல்லா ஊர்லயும் காலனியில இதே நூத்தி இருபது, எண்பதுதான். ஒருத்தர் எழுதினா தப்பா இருக்கலாம். அறுபத்தோரு பேர் அவங்கவங்க ஊர்ல உக்காந்து ஒரே மாதிரி தப்பா எழுதுவாங்களா? கூட்டிணைவோட பலமே அதுதான்."

நான் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தேன். அறுபது செவிலியர்கள். ஒருத்தியாவது எழுந்து ஆமாம் சார், நானும்தான் என்று சொல்வாள் என்று நின்றேன். எல்லாரும் வடைத் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. இரண்டு நிமிஷம் முன்னால் வரைக்கும் நானும் அப்படித்தான் குனிந்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தலைவர் திருமலைக்கொழுந்துக்கு மண், நீர், ஆராய்ச்சி எதிலும் அக்கறை இல்லை. "அந்தம்மா என்னமும் சொல்லட்டும். எங்க வீட்டு நம்பர்ல இருந்து அந்த ஆளுகள எடுத்துருங்க. நான் கேக்கது அம்புட்டுதான்" என்றார்.

அன்று மாலைக்குள் எடுத்துவிட்டார்கள். முத்துமாரியின் தேதி போனது. அதைத் திரும்ப வாங்க நான் அலையாத இடமில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் உங்கள் நிலையத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிலையத்தில் டாக்டர் கார்முகில் கூட்டிணைவைக் கேளுங்கள் என்றார். கூட்டிணைவுக்குப் போன் செய்தால், உங்கள் இதயம் எங்கள் பொறுப்பு என்று ஒரு பாட்டு ஓடியது. அவளை நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போயிருக்கலாமே என்பீர்கள். கூட்டிப்போனோம். மூன்று ஆஸ்பத்திரி வாசலிலும் அதே தட்டு, அதே குரல், கையைத் துடைத்து மீண்டும் வைக்கவும். தனியார் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தபோது காளிராஜ் ஓடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

டிசம்பர் மூன்றாம் தேதி, காலை பத்து மணி. ஆட்டோ என் வாசலில் வந்து நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. முத்துமாரி முகம் சாம்பல் பூத்திருந்தது. சேலை முழுக்க வேர்வை. வரும் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது என்றாள். கைவசம் இருந்த மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் கைகளைத் தட்டில் வைத்தேன்.

"அளவீட்டுப் பிழை. கையைத் துடைத்து மீண்டும் வைக்கவும்."

காளிராஜ் சட்டையைக் கழற்றி அவள் கையைத் துடைத்தான். வைத்தான். மறுபடி அதே பதில். இன்னும் அழுத்தித் துடைத்தான். அந்தக் கை ஏற்கனவே வேர்வையில் நனைந்து நனைந்து சுத்தமாகத்தான் இருந்தது. அவன் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே தேய்க்கத் தேய்க்க, அவள் கை சிவந்துபோனது. "போதும்பா, விடு" என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தேன்.

தட்டைத் துடைத்தேன். பணியாளர் என்ற இடத்தில் தொட்டு, என் பெயரைத் திறந்து, என் இரண்டு கைகளையும் வைத்தேன்.

மனசுக்குள் இருந்தது சுத்தமான ஏமாற்று வேலை. ஒரு தடவை பச்சை காட்டினால், வாசல் வேப்பமரம் வரைக்கும் நாலு தடவை ஓடிவிட்டு வந்து வைக்கலாம், நாடி எகிறும், வடக்குத் தெரு முகவரி இருக்கிறது, நம்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பணியாளர் உடல் பரிசோதனை என்று வருஷா வருஷம் எனக்கும் நானேதான் 120/80 எழுதியிருந்தேன். ஓட அவசியமே வரவில்லை. நாற்பது விநாடிகூட ஆகவில்லை. தட்டு சிவந்தது.

"உடனடி ஆபத்து. பியூலா அவர்களே, பதற்றப்படாமல் சாய்ந்து உட்காருங்கள். வாகனம் ஒன்பது நிமிடத்தில் வரும். நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்றது. எவ்வளவு மரியாதை. 190/112 என்று எண்ணைப் பார்த்தேன். பதற்றத்தில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

சிவப்புச் சீட்டு வந்தது. அதை முத்துமாரியின் கையில் வைத்து விரல்களை மூடினேன். "உன் பேரு பியூலா. யாரு கேட்டாலும் பியூலான்னு சொல்லு" என்றேன்.

அந்த வலியிலும் அவள் என் கழுத்துச் சிலுவையை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் வேதக்காரியா?"

"நாலு நாளைக்கு."

வாகனம் சரியாக ஒன்பதாவது நிமிஷம் வந்தது. அதில் வந்த ஆள் சீட்டைப் பார்த்தான், மனுஷியைப் பார்க்கவில்லை. துணைவன் பார்த்துவிட்ட பிறகு இன்னொருத்தர் பார்ப்பது அவர்கள் வழக்கம் இல்லை. கதவு மூடும் முன் காளிராஜிடம் ஒன்று மட்டும் சொன்னேன், சீட்டில் இருக்கிற ரத்த வகையை நம்பாதே, அங்கே புதிதாகப் பார்க்கச் சொல்லிச் சண்டை போடு என்று. அதுவும் நான் பார்க்காமல் எழுதியதுதான்.

பியூலாவுக்கு அன்றைக்கு மத்தியானமே ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு நாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆறு நாள் நானும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன், அதாவது என் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. ஏழாம் நாள் தலைவர் ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் நர்சம்மா, நீங்கள் எங்கள் தெரு ஆள் என்றார். பழம் இனிப்பாகத்தான் இருந்தது.

முத்துமாரி பிழைத்துக்கொண்டாள். பெரிய டாக்டர் தன்னை வைதுவிட்டார் என்று வந்ததும் சொன்னாள். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் பிரஷரைக்கூடப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டாராம். "ஒங்களுக்குப் பதிலா நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றாள். அவள் சிரித்தாளா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டிணைவு சும்மா இருக்குமா. ஜனவரியில் ஒரு சுவரொட்டி வந்தது. என் பணியாளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் வரைந்து, 'துணைவன் என் உயிரைக் காத்தான் – செவிலியர் பியூலா' என்று போட்டு அறுபத்தோரு நிலையத்துச் சுவரிலும் ஒட்டினார்கள். ஆண்டறிக்கையில் காலனிக்கு இந்த வருஷமும் பூஜ்யம். ஏன் இருக்காது? முத்துமாரிக்குத்தான் ஒன்றும் வரவில்லையே, வந்தது எனக்கு. அவளைக் காப்பாற்றப் போய் அந்தப் பொய்க்கு நானே இன்னொரு சாட்சி வைத்துவிட்டேன்.

கழுத்தின் பின்னால் ஒரு வலி விடாமல் இருந்ததால், சுவரொட்டி ஒட்டிய வாரம் யாருமில்லாத நேரம் பார்த்து என் கைகளைத் தட்டில் வைத்தேன். "முழுமையான சிகிச்சை பெற்றவர். அளவீட்டுப் பிழை. கையைத் துடைத்து மீண்டும் வைக்கவும்" என்றது. பழக்கதோஷம், துடைத்துக்கூடப் பார்த்தேன்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு மாதா மாதம் மாத்திரை வரும். என் பெயருக்குத்தான் வருகிறது. அதை எடுத்துக்கொண்டு மாதத்தில் முதல் திங்கட்கிழமை ஓடையைத் தாண்டிக் காலனிக்கு நடக்கிறேன். ஒன்றரைக் கிலோமீட்டர்தான், இருபத்தைந்து நிமிஷம். இதைத்தான் முப்பத்தோரு வருஷம் தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் பேட்டரியில் ஓடுகிற பிரஷர் கருவி ஒன்று, கட்டம் போடாத நோட்டு ஒன்று. வீடு வீடாக உட்கார்ந்து நிஜமாக அளந்து எழுதுகிறேன். 168, 182, 154. இந்த எண்களைத் துணைவன் ஏற்கமாட்டான். நோட்டை எங்கே கொடுப்பது, யார் நம்புவார்கள் என்றும் தெரியாது. முதல் மாதம் சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. திறந்தவர்களில் ஒருத்தர், எங்கள் அம்மா நெஞ்சுவலி என்று சொன்ன அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். நாற்காலியில் இருந்தேன் என்று சொன்னேன்.

மார்ச் மாதம் கடைசி வீடாக முத்துமாரி வீட்டுக்குப் போனேன். அவளுக்குப் பார்த்தேன், 132. மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்தேன். எழுந்திருக்கும்போது தலை சுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காருங்க. கையக் கொண்டாங்க" என்றாள்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். பட்டையை என்னைவிடச் சரியாகச் சுற்றினாள். பொத்தானை அழுத்திவிட்டு, பேசக்கூடாது என்று விரலை உயர்த்திக் காட்டினாள். கருவி இறுக்கியது, தளர்ந்தது, எண் வந்தது. இருவரும் பார்த்தோம். 190/112. வேப்பமரத்துக்கு ஓடவில்லை, யாரும் சாகக் கிடக்கவில்லை, பதற்றம் ஒன்றும் இல்லை.

நோட்டை எடுத்தேன். கடைசி வரியில் என் பெயரை எழுதி, பக்கத்தில் எண்ணை எழுதி மூடப்போனேன். முத்துமாரி கையை நீட்டி நோட்டைத் தடுத்தாள். ஒரு தடவை கருவியைப் பார்த்தாள், ஒரு தடவை நான் எழுதினதைப் பார்த்தாள்.

"நர்சம்மா, மெஷின்ல வேற நம்பர்லா இருக்கு" என்றாள். "நீங்க நூத்தி இருபது, எம்பதுன்னு எழுதியிருக்கீங்க."